சிவதாணுவுக்கு நாலு தோள்

ஆலடிமங்கலத்தில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் போய் உட்காருகிறவள் நாகம்மைதான். கொட்டாரம் சந்தையில் காய்கறி வாங்கிக்கொண்டு நிற்கும்போது சேதி வந்தால், பையைக் கடையிலேயே வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவாள். சொந்தமா அசலா என்று பார்ப்பதில்லை. துட்டி வீட்டுக்குள் நுழைந்ததும் செத்தவரின் பெண்டாட்டிக்கோ மகளுக்கோ பக்கத்தில் உட்கார்ந்து, தோள்மேல் கையைப் போட்டு, நெற்றியோடு நெற்றி முட்ட ஒரு குரல் எடுப்பாள் பாருங்கள், அதுவரை விறைத்துக் கிடந்த வீடு அப்போதுதான் வாய்விட்டு அழும். வருகிற பெண்கள் ஒவ்வொருத்தியாக அந்த வட்டத்தில் சேர்ந்து கட்டிக்கொள்வார்கள். வெளியே பந்தலில் இருக்கும் ஆண்கள், "நாகம்மை வந்தாச்சா?" என்று விசாரிப்பார்கள். வந்தாச்சு என்றால் மற்றக் காரியங்களைத் தொடங்கலாம்.

இரக்க குணம் என்று நினைத்துவிடாதீர்கள். இரக்கம் கொஞ்சம் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவளை ஓட வைத்தது பயம். அவள் புருஷன் சிவதாணு அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். ஓய்வு பெற்ற கையோடு பக்கவாதம் வந்து ஒரு பக்கம் முழுசாக விழுந்துவிட்டது. பிள்ளை குட்டி இல்லை. வேலை பார்த்த காலத்தில் பஸ் ஸ்டாண்டில் செத்துக் கிடந்த ஒருவனை, கேட்க நாதியில்லாமல், குப்பை வண்டியில் போட்டுத் தள்ளிக்கொண்டு போனதை அவர் பார்த்திருக்கிறார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சோறு இறங்கவில்லை. "எனக்கு அப்படி ஆயிரப்பிடாதுட்டி. நாலு பேரு தோளுல போணும்" என்றார். நாக்கு நன்றாக இருந்த காலத்தில் அவர் அவளிடம் கேட்டது அது ஒன்றுதான்.

அதனால்தான் நாகம்மை ஊர் ஊராகப் போய் அழுதாள். "நான் போய் அழுதாத்தானே எனக்கு வந்து அழுவாங்க? நாளைக்கு இவரத் தூக்க ஆளு வேணும்லா?" என்று வெட்கமில்லாமல் எல்லாரிடமும் சொல்வாள். ஊரும் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டிருந்தது. எதிர்த்த வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்த கோலப்பன், சிவதாணுவுக்குத் தம்பி முறை, "மைனி, அண்ணனுக்குக் கொள்ளி வைக்க நான் இருக்கேன். நீங்க வெப்ராளப்படாதிய" என்று தைரியம் சொல்லி வைத்திருந்தார்.

அப்படி நிம்மதியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, வடக்குத் தெரு நாகேந்திரன் காய்ச்சலோடு ஊருக்கு வந்து இறங்குகிற வரைக்கும்.

நாகேந்திரன் கேரளத்தில் ஒரு பேக்கரியில் வேலை பார்த்தவன். வந்த அன்று தலைவலி என்றான். பிறகு ஆளைத் தெரியாமல் பேசினான். வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், மூளைக்காய்ச்சல் என்று சொல்லி, அங்கேயே செத்துப்போனான். ரத்தமும் எச்சிலும் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறோம், முடிவு வரும்வரை பிணத்தின் சுற்றைப் பிரிக்கக் கூடாது என்று டாக்டர்கள் படித்துப் படித்துச் சொல்லித்தான் அனுப்பினார்கள். யார் கேட்டது? நீர்மாலை எடுக்காமல் ஒரு வெள்ளாளனை எப்படி அனுப்புவது? வீட்டு முற்றத்திலேயே சுற்றைப் பிரித்து, குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து, தேய்த்துக் குளிப்பாட்டி, புது வேட்டி கட்டி, முறையாகத்தான் அனுப்பினார்கள்.

உள்ளே அவன் பெண்டாட்டி ராஜி அழுதுகொண்டிருந்தாள். அழுகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். உண்மையில் அவள் இருமிக்கொண்டிருந்தாள். அவளுக்கு வலப்பக்கம் நாகம்மை, இடப்பக்கம் கோலப்பனின் பெண்டாட்டி முத்துக்கனி. நடுவில் ராஜிக்குக் குமட்டி முத்துக்கனியின் மடியிலேயே வாந்தி எடுத்தாள். முத்துக்கனி முகம் சுளிக்கவில்லை. தன் சேலைத் தலைப்பால் அவள் வாயைத் துடைத்துவிட்டு, அதே தலைப்பால் தன் கண்ணையும் துடைத்துக்கொண்டு அழுதாள்.

சாம்பல் அள்ளிக் காடாத்து முடிந்த மறுநாள் பரிசோதனை முடிவு வந்தது. நிபா. வவ்வால் காய்ச்சல் என்று பேப்பரில் படித்து, அது மலையாளத்தானுக்கு வருகிற நோய் என்று ஊர் ஒதுக்கி வைத்திருந்த அதே எளவு.

வெள்ளை உடுப்புப் போட்டவர்கள் வண்டி வண்டியாக வந்து இறங்கினார்கள். ராஜியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். தெருவுக்குக் குறுக்கே மூங்கில் கட்டினார்கள். பிணத்தைத் தொட்டது யார், ராஜியைக் கட்டிப்பிடித்தது யார் என்று வீடு வீடாகக் கேட்டார்கள். ஊர் முழுக்க ஒரே பதில். நாங்க தள்ளித்தான் நின்னோம் சார். குளிப்பாட்டியவர்களைக் கேட்டால், தண்ணியத் தூரத்துல நின்னு வீசினோம் என்றார்கள். அவர்கள் சொன்னதை நம்பினால், நாகேந்திரன் தானே எழுந்து குளித்து, தானே வேட்டி கட்டி, சுடுகாட்டுக்குத் தானே நடந்து போயிருக்க வேண்டும்.

பொய்க்குக் காரணம் இருந்தது. கன்னிப்பூப் போகத்து நெல் வயலில் முற்றித் தலை சாய்ந்து நின்றது. அறுப்பு மெஷின் முறை வைத்து வந்துகொண்டிருந்தது. தொட்டேன் என்று சொன்னவனை இருபத்தொரு நாள் உள்ளே போட்டுவிடுவார்கள் என்று தெரிந்த பிறகு எவன் வாயைத் திறப்பான்?

சுகாதார நர்ஸ் ஜெஸ்பின் நாகம்மையின் அடுக்களைக்கு வந்து தரையில் உட்கார்ந்தாள். நெய்யூர்ப் பக்கத்துப் பெண். சிவதாணுவுக்குப் படுக்கைப் புண்ணுக்கு மருந்து கட்ட வாரம் தவறாமல் வருகிறவள்.

"நானும் தள்ளித்தான் இருந்தேன் மக்ளே" என்றாள் நாகம்மை, அவள் கேட்பதற்கு முன்பே.

ஜெஸ்பின் சிரிக்கவில்லை. "அம்மா, நீங்க தள்ளி இருந்தியன்னு சொன்னா ஆரு நம்புவா? பயப்படாண்டாம். நான் ஏசல்ல. உள்ள ஒருத்தரு கெடக்காருல்லா? ஒங்களுக்கு வந்தா நேரே அவருக்குத்தான் வரும். நீங்கதான் சோறு ஊட்டுதிய, நீங்கதான் வாயத் துடைக்கிய. அவரு தாங்குவாரா?"

நாகம்மை திரும்பி உள் அறையைப் பார்த்தாள். பிறகு மளமளவென்று சொல்லிவிட்டாள். நான் வலப்பக்கம் இருந்தேன். இடப்பக்கம் முத்துக்கனி. அவ மடியிலதான் வாந்தி எடுத்தா. பின்னால இன்னார், முன்னால இன்னார். குளிப்பாட்டினது இன்ன ஆட்கள். ஒன்றையும் மறைக்கவில்லை. தான் மட்டும் போய் உள்ளே கிடப்பானேன், எல்லாரும்தானே அழுதோம் என்ற எரிச்சலும் அதில் கொஞ்சம் இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்?

"எம் பேரு வெளிய வரப்பிடாது, கேட்டியா?"

"வராதும்மா. எம் பிள்ளைகளாண சத்தியம்" என்றாள் ஜெஸ்பின். அவள் மனசறிந்துதான் சொன்னாள்.

அன்று பொழுது சாய்வதற்குள் ஆம்புலன்ஸ்கள் வந்து ஆளைக் குறி பார்த்து அள்ளிக்கொண்டு போயின. நாகம்மையையும் ஏற்றினார்கள். அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. சிவதாணுவை ஜெஸ்பின் அலையாய் அலைந்து வேறொரு வார்டில் படுக்கப் போட்டாள். ஊரில் மிச்சம் இருந்தவர்கள் வீட்டுக்குள் அடைந்து கிடந்தார்கள். பால் சொசைட்டியில் ஆலடிமங்கலத்துப் பாலை ஊற்றவிடவில்லை. பஸ்காரன் மெயின் ரோட்டு விலக்கிலேயே திரும்பிப் போனான். அறுப்பு மெஷின் வேறு ஊருக்குப் போய்விட்டது. இடையில் மழையும் பெய்து தொலைத்தது. சாய்ந்த நெல் வயலிலேயே முளைத்தது. ஜன்னல் வழியாக அந்தப் பச்சையைப் பார்த்துப் பார்த்து ஆண்கள் பல்லைக் கடித்தார்கள். எவன் குடுத்த பேரு, எவ குடுத்த பேரு என்று ஒவ்வொரு வீட்டிலும் அதே பேச்சு.

ஆஸ்பத்திரியில் நாகம்மைக்கும் முத்துக்கனிக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புத்தான். முத்துக்கனிக்குக் காய்ச்சல் ஏறத் தொடங்கியிருந்தது.

"யக்கா, இருக்கியளா?"

"இருக்கேன்ட்டி."

"அபினாக் குட்டி எங்கூடத்தான் படுக்கும், தெரியும்லா? எம் மூஞ்சியோட மூஞ்சிய வச்சுக்கிட்டுத்தான் ஒறங்கும். நல்லவேள, என்னயத் தூக்கிட்டு வந்தாங்க. நம்ம பேர ஆரோ குடுத்திருக்கா. அவ ஆரா இருந்தாலும் நல்லா இருக்கட்டும்."

அபினா அவள் பேத்தி. மகன் சார்ஜாவில், மருமகள் ரஷ்மியும் பிள்ளையும் கோலப்பனோடு வீட்டில். நாந்தாண்டி குடுத்தேன் என்று நாகம்மைக்குத் தொண்டை வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். பிறகு எத்தனையோ தடவை அதை நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

மறுநாள் முத்துக்கனியின் பேச்சு குழறியது. தண்ணி, யக்கா, தண்ணி என்று கேட்டாள். நாகம்மை கதவைப் போட்டு இடித்தாள். ஓடி வந்த நர்ஸ் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று உடுப்பு மாட்டத் தொடங்கினாள். முதலில் கையுறை. அப்புறம் காலுறை. அப்புறம் அந்த முழு உடுப்பு. மேலே இன்னொரு கையுறை. கண்ணாடி. அந்தப் பெண்ணைக் குறை சொல்ல முடியாது. அவசரமாக மாட்டினால் அவளும் சாவாள். அவள் தண்ணீரோடு உள்ளே போனபோது முத்துக்கனிக்கு விழுங்கத் தெரியவில்லை. அதோடு நினைவு தப்பியவள்தான், திரும்பவில்லை.

சுற்றிக் கட்டி நேரே மின்சாரச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனார்கள். கோலப்பனைத் தூரத்தில் ஒரு கயிற்றுக்கு அப்பால் நிற்க வைத்தார்கள். நீர்மாலை இல்லை, வாய்க்கரிசி இல்லை. மூஞ்சியைக் காட்டுங்க சார், ஒரே ஒரு தடவை என்று அவர் கையெடுத்துக் கும்பிட்டார். காட்டவில்லை.

அதோடு நோய் நின்றது. முத்துக்கனியிடமிருந்து இன்னொருத்தருக்குப் போகவில்லை. போவதற்கு ஆளே பக்கத்தில் இல்லையே. ராஜி பிழைத்தாள், ஆனால் பேர் கேட்டால் யோசித்துச் சொல்வாள். நாகம்மைக்கு ஒன்றும் வரவில்லை. நாள் முடிந்து எல்லாரும் வீடு திரும்பினார்கள். திரும்பியவர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? ஒரு எளவும் இல்லாத நோய்க்கு இப்படிப் போட்டு அடைச்சு, வெளஞ்ச நெல்லையும் நாசமாக்கி, நல்லா இருந்த முத்துக்கனியையும் கொண்டுபோய்க் கொன்னுட்டானுவ. தங்களுக்கு ஒன்றும் வரவில்லை என்பதையே சாட்சியாக எடுத்துக்கொண்டார்கள்.

இத்தோடு விட்டிருந்தால் நாகம்மை தப்பித்திருப்பாள். சர்க்கார் விடுமா? கொட்டாரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்துப் பாராட்டு விழா வைத்தார்கள். உலக சுகாதாரப் பாதுகாப்பு என்று பெரிய பேனர். டெல்லியிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் ஆட்கள் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஊரையும் பஸ் வைத்துக் கூட்டிவந்திருந்தார்கள். வெளியூர் அதிகாரி ஒருவர் மைக்கைப் பிடித்தார். திரையில் வட்டம் வட்டமாகப் படம் விழுந்தது. ஒரு வட்டத்திலிருந்து அம்புக்குறி கிளம்பி இன்னொரு வட்டத்துக்குப் போனது. அதிலிருந்து மூன்றாவதற்கு.

"இந்த மூன்றாவது வட்டத்தோடு சங்கிலி அறுந்தது. இரண்டே மரணம். உலகத்துக்கே இது ஒரு முன்மாதிரி" என்றார். கை தட்டினார்கள்.

கோலப்பன் எழுந்து நின்றார். "சார், அந்த மூணாவது வட்டம் ஆரு?"

"நோயாளி எண் மூன்று."

"பேரு கெடையாதா சார்?"

"பெயர் வெளியிடக் கூடாதுங்க. அதெல்லாம் ரகசியம் காக்கணும்னு விதி இருக்கு" என்று பொறுமையாக விளக்கினார் அதிகாரி. விளக்கிவிட்டு, அந்த மூச்சு ஆறும் முன்னே, அடுத்த அறிவிப்பைச் செய்தார். "யாரும் வாய் திறக்காத நேரத்தில், தைரியமாக முன்வந்து, துக்க வீட்டில் யார் யார் தொட்டார்கள் என்று எல்லாப் பெயரையும் தந்து உதவிய தாய், ஆலடிமங்கலம் நாகம்மை அம்மாள் அவர்களுக்குப் பொன்னாடை போர்த்தி மரியாதை செய்கிறோம்."

மேலிடத்துக்கு மட்டும் அந்தப் பேரை எழுதிக் கொடுத்திருந்த ஜெஸ்பின், மேடையோரம் நின்று ஐயோ என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

நாகம்மை மேடையேறினாள். உள்ளதைச் சொல்ல வேண்டும், அந்த நேரத்தில் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. வாழ்நாளில் யாரும் அவளை மைக்கில் அழைத்தது கிடையாது. சரிகைப் பொன்னாடை தோளில் விழுந்தபோது லேசாகச் சிரித்தாள் கூட. போட்டோ எடுத்தார்கள். அப்புறம்தான் கீழே பார்த்தாள். ஊர் முழுக்க அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு கை தட்டவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் கோலப்பன் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார். படியேறவில்லை. மைனி என்று மூச்சுக்கு மூச்சு அழைக்கிற வாய்.

"ஏட்டி நாகம்மை! எம் பொண்டாட்டி ஒனக்கு என்னட்டி செய்தா?"

"கொளுந்தனாரே, அவ சொன்னா கேட்டியளா, பேரு குடுத்தவ நல்லா இருக்கட்டும்னு சொன்னா. அபினாவ நெனச்சு, நான் பக்கத்து ரூம்புலதான்..."

"சீ! செத்தவ பேரச் சொல்லிப் புளுகாத. நாக்கு அழுவிரும்." தோள் துண்டால் மூஞ்சியைத் துடைத்தார். "அவ வாயில ஒரு சொட்டுத் தண்ணி விட ஆளில்ல. அனாதப் பொணம் மாதிரித் தள்ளிட்டுப் போனானுவ. ஒம் மாப்பிள்ள எத்தன நாளு கெடப்பாரு? பாப்போம். ஆரு வந்து தூக்குதான்னு பாப்போம். ஒனக்குத்தான் சர்க்கார் இருக்கே, பொன்னாடை போத்தித் தூக்கிட்டுப் போவானுவ."

உள்ளே சிவதாணு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கிடந்தார். நாக்கு விழுந்துவிட்டதே தவிர காது நன்றாகவே கேட்கும். நாகம்மை போய்ப் பார்த்தபோது அவர் கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

ஊர் அவளை ஏசவில்லை, அடிக்கவில்லை. சாவுச் சேதியைச் சொல்வதை நிறுத்திவிட்டது. தெற்குத் தெருவில் ஒரு கிழவர் இறந்ததை மைக் செட்டுச் சத்தம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டாள். மானத்தை விட்டுவிட்டுப் போனாள். எப்போதும்போல அந்த வீட்டு மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் போட்டாள். அந்தப் பெண் அழுகையை நிறுத்திவிட்டு, நாகம்மையின் கையைத் தூக்கி அவள் மடியிலேயே வைத்தாள்.

"வேண்டாம்க்கா. நாளைக்கு எம் பேரயும் குடுப்பிய."

கால் மரத்துப்போச்சு என்று ஒருத்தி எழுந்தாள். பிள்ளை அழுகிறது என்று இன்னொருத்தி. எல்லாரும் அடுத்த அறைக்குப் போய் அங்கே உட்கார்ந்து அழுதார்கள். நாகம்மை காலிப் பாயில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வந்தாள். வாசலில் ஒரு பையன் அவளைப் பார்த்ததும் மாஸ்க்கை எடுத்து மாட்டிக்கொண்டான். பந்தலில் சிரிப்புக் கேட்டது.

சிவதாணு நாளுக்கு நாள் கரைந்தார். கஞ்சி இறங்கவில்லை. மூச்சு இழுத்தது. இன்றைக்கோ நாளைக்கோ என்று நாகம்மைக்கே தெரிந்துவிட்டது. செத்துப்போனால் தனியாளாக இவரை எப்படிக் கட்டிலிலிருந்து இறக்குவது என்று ராப்பகலாக அதையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் எதிர்த்த வீட்டு முத்துநாயகம் காய்ச்சலில் விழுந்தார். பழ லோடு வண்டி ஓட்டிக் கேரளத்துக்குப் போய் வருகிறவர். கோலப்பனின் சம்பந்தி, ரஷ்மியின் அப்பா. ஆஸ்பத்திரியில் வலிப்பைப் பார்த்துவிட்டுப் பரிசோதனைக்கு எடுக்க வேண்டும் என்றதுமே, எங்கள் பொறுப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குத் தூக்கிவந்துவிட்டார்கள். போன தடவை ஊர் கற்றுக்கொண்ட பாடம் அது. எச்சில் எடுக்கவிட்டால்தானே முடிவு வரும், முடிவு வந்தால்தானே வண்டி வரும்? இரண்டு நாள் கிடந்து வீட்டிலேயே செத்தார். மளமளவென்று குளிப்பாட்டி எரித்தும்விட்டார்கள்.

நாகம்மையை யாரும் கூப்பிடவில்லை. ஆனால் சிவதாணுவின் கட்டிலுக்கு நேரே ஜன்னல். ஜன்னலுக்கு நேரே அந்த வீட்டு வராந்தா. ரஷ்மி அங்கேயே கிடந்து அப்பனுக்குப் பணிவிடை செய்ததையும், எச்சிலைத் துடைத்த துணியோடு இடுப்பில் அபினாவைத் தூக்கி வைத்துக்கொண்டு நடந்ததையும் அவள் கண்ணால் பார்த்தாள்.

மறுநாளே ஜெஸ்பின் வந்தாள். அன்றைக்கு மேடையில் நடந்த பிறகு அவளால் நாகம்மையின் முகத்தை நேராகப் பார்க்க முடிந்ததில்லை.

"அம்மா, ஊரே ஒண்ணா நின்னு சொல்லுது, ரஷ்மிக்கும் அப்பனுக்கும் பேச்சுவார்த்த கெடையாதாம், அவ அந்தப் பக்கம் போகவே இல்லியாம். எனக்கு நம்பிக்க இல்ல. கையில ஒரு முடிவும் இல்லாம நான் எப்படி அவளக் கூட்டிட்டுப் போவேன்? வேற ஒண்ணும் கேக்கல்ல. அவ அங்க இருந்தாளா? பிள்ளையும் இருந்துதா? அத மட்டும் சொல்லுங்கம்மா."

"ஒரு தடவ சொன்னேன். பொன்னாடை போத்துனிய."

ஜெஸ்பின் தலை குனிந்தாள். "என்னக் கொல்லுங்க. ஆனா சின்னப் பிள்ளம்மா அது."

தெருவில் ஆட்கள் கூடிவிட்டார்கள். கோலப்பன் அபினாவைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் கோபம் இல்லை. பயம்தான் இருந்தது. பெண்டாட்டியைத் தூக்கிக்கொண்டு போன வண்டி மருமகளையும் பேத்தியையும் தூக்கிக்கொண்டு போய்விடும் என்ற பயம். அவர் கண் நாகம்மையைக் கெஞ்சியது. அவளுக்குப் பின்னால் உள் அறையில் சிவதாணுவின் மூச்சு கர்ரென்று இழுத்தது.

நாகம்மை வாசலுக்கு வந்தாள். தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி, சாவு வீட்டில் எடுக்கிற அந்தக் குரலில் சொன்னாள். "இல்ல மக்ளே. அவ வரவே இல்ல. நான் ஜன்னலு வழியா எல்லாம் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். ரஷ்மியும் வரல்ல, பிள்ளையும் வரல்ல."

ஜெஸ்பின் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனாள்.

அன்றைக்கே கோலப்பன் படியேறி உள்ளே வந்தார். கட்டில் பக்கத்தில் நின்று, "அண்ணே, ஒண்ணும் நெனைக்காத. நாங்க இருக்கோம்லா" என்றார். போகும்போது, "மைனி, பாலு கொண்டுவரச் சொல்லியிருக்கேன்" என்றார். பிறகு ஒவ்வொருத்தியாக வந்தார்கள். ஒருத்தி இடியாப்பம் கொண்டுவந்தாள். தெற்குத் தெருப் பெண் கூட வந்து சிரித்துவிட்டுப் போனாள். எல்லாரும் ஒன்றும் நடக்காத மாதிரியே பேசினார்கள். நாகம்மையும் அப்படியே பேசினாள்.

அடுத்த வாரம் சிவதாணு போய்ச் சேர்ந்தார்.

ஊர் திரண்டு வந்தது. அப்படி ஒரு கூட்டத்தை அந்தத் தெரு பார்த்ததில்லை. பந்தல் போட்டார்கள், நீர்மாலைக்கு ஆண்கள் வரிசையாகப் போனார்கள், கோலப்பன் முன்னால் நின்று ஒவ்வொன்றாகச் செய்தார். உள்ளே நாகம்மை நடுவில் இருந்தாள். இத்தனை வருஷம் அவள் யார் யார் தோளைக் கட்டிக்கொண்டு அழுதாளோ, அவர்கள் அத்தனை பேரும் வந்து அவள் தோளைக் கட்டிக்கொண்டார்கள்.

கடைசியாக ரஷ்மி வந்தாள். பக்கத்தில் இடம் விட்டார்கள். அபினாவை நாகம்மையின் மடியில் கிடத்திவிட்டு, கழுத்தைக் கட்டிக்கொண்டு நெற்றியோடு நெற்றி முட்டினாள். நெற்றி கொதித்தது. நாகம்மை அழுகையை நிறுத்திப் பிள்ளையின் வயிற்றில் கையை வைத்தாள். அதுவும் கொதித்தது. பிள்ளையின் கண் செருகியிருந்தது.

"என்னட்டி இது?" என்றாள், உதடு அசையாமல்.

"நேத்துல இருந்து இப்பிடித்தான் பெரியத்தை. மண்டை பொளக்கு. மாமா ஆருட்டயும் சொல்லப்பிடாதுன்னாரு." சொல்லும்போதே ரஷ்மிக்கு இருமல் வந்தது.

நாகம்மை சுற்றிப் பார்த்தாள். தெருவில் இருக்கிற பெண் அத்தனையும் அந்த ஒரு அறைக்குள் இருந்தது. கைக்குழந்தைக்காரி இரண்டு பேர். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், அத்தனை பேரும் விழுந்தடித்து ஓடிப்போவார்கள். ஓடிப்போனால் பிழைப்பார்கள். வெளியே பாடையில் இன்னும் கடைசிக் கட்டுப் போடவில்லை. எல்லாரும் ஓடிப்போனால் சிவதாணு பந்தலிலேயே கிடப்பார்.

முதலில் தூக்கட்டும். தெரு தாண்டட்டும். அதற்கப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

ரஷ்மி இருமுவது யாருக்கும் தெரியாதபடி அவள் முகத்தை இழுத்துத் தன் மார்போடு அமுக்கிக்கொண்டு, நாகம்மை குரல் எடுத்தாள். அந்தக் குரலைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! வீடு உடைந்து அழுதது. இவ்வளவு நாள் ஒதுக்கி வைத்த பாவத்தையும் சேர்த்து அழுதார்கள். வெளியே, "தூக்குங்கலே" என்றார் கோலப்பன். நாலு பேர் குனிந்து சிவதாணுவைத் தோளில் ஏற்றினார்கள். உள்ளே, வட்டத்தில் இடம் போதாமல், பின்னால் வந்த பெண்கள் இன்னும் நெருக்கி உட்கார்ந்தார்கள்.